காதில் ஈர்க்கு

அம்மாவின் காதில் ஈர்க்கு இருந்தது.

போன வருசம் மாரிக்குக் கொஞ்சம் முந்தி. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடியப்புறம் முள்ளியவளையில் வந்து இறங்கி, படலையைத் திறந்தபோது முற்றம் கூட்டிக்கொண்டு நின்ற அம்மா நிமிர்ந்து பார்த்தார். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. தோடு போடுகிற இரண்டு ஓட்டையிலும் ஒவ்வொரு துண்டு ஈர்க்கு, நெருப்புக்குச்சியில் பாதி நீளம், நுனி கறுத்துப்போய். தோடு எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி கிடையாது. தோடு காதில் இருக்கும், இல்லாவிட்டால் அடைவில் இருக்கும், ஓட்டை தூர்ந்துபோகாமல் அதுவரைக்கும் ஈர்க்கு இருக்கும். என்னுடைய இரண்டாம் தவணைக் காசு கட்டி அப்போது ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. கணக்குப் பார்க்கத் தெரியாத பிள்ளை இல்லை நான்.

நான் படிப்பது நகை வடிவமைப்பு. அம்மாவின் தோட்டை அடைவு வைத்து நான் தோடு செய்யப் படிக்கிறேன். இதை யாராவது கதையில் எழுதினால் மிகைப்படுத்துகிறார் என்று நானே சொல்லியிருப்பேன்.

ஊரில் படிப்பைச் சொன்னவுடன் வரும் முதல் கேள்வி, "அப்ப நகைக்கடை போடப் போறீரோ?" இரண்டாவது, "பவுண் இப்ப என்ன விலை போகுது?" எட்டுக் கிராம் பவுண் மூன்று இலட்சம் ரூபாயைத் தாண்டிப் போய்விட்ட காலத்தில், எங்களுக்கு வகுப்பில் தங்கத்தைக் கண்ணால் காட்டுவதே பெரிய காரியம். செம்புத் தகட்டில் அறுக்கப் பழகி, பித்தளையில் பிழை விட்டு, கடைசியில்தான் கொஞ்சம் வெள்ளி கைக்கு வரும். பெரியம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "பவுணைத் தொடாமல் என்ன நகைப் படிப்பு, தண்ணியில இறங்காமல் நீச்சல் படிக்கிற மாதிரி" என்கிறார். அவரிலும் பிழையில்லை. வன்னியில் நகை என்றால் வடிவு என்பது பிறகுதான் வரும். முதலில் அது சேமிப்பு, காப்புறுதி, ஆஸ்பத்திரிச் செலவு. அம்மாவின் காப்பு ஒன்று 2009இல், போரின் கடைசிக் காலத்தில், மாத்தளனில் பால்மாவாக மாறியது. அந்தப் பால்மாவைக் குடித்தது நான். பாவாடை நாடாவுக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்த ஒன்பது பவுண் தாலிக்கொடி முள்வேலி முகாமையும் தாண்டி ஊர் வந்து சேர்ந்தது. பிறகு வீட்டுத்திட்டக் காசு கூரைக்குப் போதாமல் போனபோது அது ஓடாகவும் சிலாகையாகவும் மாறி இப்போது எங்கள் தலைக்கு மேலே இருக்கிறது. அம்மா மஞ்சள் கயிற்றோடு இருக்கிறார். 2025 மே மாதம், போர் முடிந்த காலத்தில் எடுத்த தங்கத்தையும் வெள்ளியையும் இராணுவம் பொலிஸிடம் கையளித்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வழக்கமாகச் செய்திக்கு நிமிர்ந்தும் பார்க்காத அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எங்களுடையது ஒன்றும் அதில் இருக்க வழியில்லை என்று அவருக்கும் தெரியும்.

சரி, படிப்புக்கு வருகிறேன். இந்தத் தவணை எங்களுக்குத் தந்த வேலை சொல்லச் சுலபமானது. உனக்குத் தெரிந்த இடத்திலிருந்து ஒரு பொருளை எடு, அதோடு ஒரு தவணை முழுக்கப் பழகு, கடைசியில் உடம்பில் அணியக்கூடிய ஒன்றாக அதைக் கொண்டுவந்து வை. என்னோடு படிக்கிற ஒருத்தி கறுவாப்பட்டையை எடுத்தாள், இன்னொருவன் பழைய றேடியோவின் செம்புக் கம்பியை எடுத்தான். என்னிடம் வந்த விரிவுரையாளர், நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார்: நீ முல்லைத்தீவு அல்லவா, துப்பாக்கி ரவைக்கோது எடேன், பார்க்கிறவர்களுக்கு உடனே உறைக்கும்.

உடனே பதில் வரவில்லை. அன்று இரவு விடுதியில் படுத்துக்கொண்டு யோசித்ததில் மூன்று பதில் வந்தது. முதலாவது தொழில் சார்ந்தது. ரவைக்கோது பித்தளை, கிட்டத்தட்ட நூற்றுக்கு எழுபது செம்பு, முப்பது நாகம், அதாவது துத்தநாகம். நாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். சூட்டைக் கொஞ்சம் கூட்டினால் வெள்ளைப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் இரவைக்கு நடுங்கக் காய்ச்சல் வரும். இரண்டாவது, எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னாவோடு சேர்த்துச் சொல்லித் தந்தது, நிலத்தில் கிடக்கிற எதையும் தொடாதே என்று. மிதிவெடிப் படம் போட்ட அட்டை வகுப்புச் சுவரில் தொங்கியது. நான் போய் மண்ணைக் கிளறிப் பொறுக்கிக்கொண்டு வந்தால் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிடுவார். மூன்றாவதுதான் பெரிய பதில். அதை யார் போடுவார்கள்? கொழும்பில் கண்காட்சி மண்டபத்துக்கு வருகிறவர்கள் தூக்கிப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுப் போவார்கள். அம்மம்மா காதில் போடுவாரா? போடமாட்டார். போடமாட்டார் என்பது தெரிந்தும் செய்தால் அதற்கு நகை என்று பெயரில்லை, வேறு ஏதாவது பெயர் வைக்கவேண்டும்.

இதை எல்லாம் அவரிடம் சொல்லவில்லை. காய்ச்சல் வரும் என்பதை மட்டும் சொன்னேன். ஒப்புக்கொண்டார்.

அடுத்து அலுமினியம். முகாமிலே தந்த சட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது, அடிப்பக்கம் நெளிந்து, ஒரு காது இல்லாமல். 660 பாகையிலேயே உருகும், சிரட்டைக்கரி போதும், தோட்டுக்கு நல்ல பாரமில்லாத உலோகம் என்று பெரிய திட்டத்தோடு வந்து கேட்டேன். அம்மா தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "கொடி இருந்து நீ கேட்டிருந்தால் தந்திருப்பன். உது சோறு போட்ட சட்டி." அதற்கு மேல் பேச்சில்லை. நான் பழைய இரும்பு எடுக்க வருகிறவரிடம் வேறு யாரோ வீட்டுச் சட்டி ஒன்றை நிறை போட்டு வாங்கினேன். அதில் யாருடைய சோறு வெந்ததோ.

உருக்குவது பிரச்சினையில்லை. எதில் ஊற்றுவது என்பதுதான். முல்லைத்தீவுக் கடற்கரையில் கணவாய் ஓடு ஒதுங்கிக் கிடக்கும், வெள்ளையாய், கிளி கொத்துவதற்குக் கூட்டில் தொங்கவிடுவார்களே, அது. அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, முகத்தோடு முகம் தேய்த்து மட்டமாக்கி, நகத்தால் அழுத்தினாலே பதியும் அந்த மெத்தைப் பக்கத்தில் வடிவத்தைக் குடைந்து, மேலே ஒரு வாய் வெட்டி, இரண்டையும் சேர்த்துக் கட்டி உலோகத்தை ஊற்றினால் அச்சு. பழைய காலத்து முறை, வெள்ளிக்கும் பொன்னுக்கும் சரிவரும். காணொளியில் பார்த்துவிட்டு, அன்று காலை பொறுக்கிய ஓட்டை அன்று பின்னேரமே கட்டி ஊற்றினேன். உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. ஈரம் ஆவியாகி வெளியே வர வழி தேடி, நான் ஊற்றிய வாயாலேயே உலோகத்தைத் துப்பியது. வலது கையில் மணிக்கட்டுக்கு மேலே பயறு அளவில் மூன்று தழும்பு இருக்கிறது. கண்ணாடி போட்டிருந்ததால் இதை எழுதுகிறேன்.

தழும்போடு போய் நின்ற இடம்தான் பத்தர் ஐயாவின் பட்டறை. புதுக்குடியிருப்பில், ஒரு தையல்கடைக்குப் பின்னால். எழுபது தாண்டியவர். ஊதுகுழலை இப்போது தொடுவதில்லை, காஸ் ரொர்ச்தான். ஆனால் குழலை இன்னும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். புது நகை செய்யச் சொல்லி யாரும் வருவதில்லையாம், மெசினில் அடித்து வருவதைக் கடையில் வாங்கிவிடுகிறார்கள், இவரிடம் வருவது அறுந்த சங்கிலியும் சுரை தேய்ந்த தோடும்தான். கையைப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். "ஏன் பிள்ளை, பச்சை விறகை அடுப்பில வைப்பினமோ?" என்று கேட்டுவிட்டு, ஓட்டைத் தன் தகரக் கூரையின் மேலே எறிந்தார். ஒரு கிழமை காய்ந்தது. அதற்குள் நான் அவரிடம் கற்றுக்கொண்டது வகுப்பில் ஒரு தவணை படித்ததை விடக் கூட. வகுப்பில் பற்றவைப்பது என்று சொல்வதை இவர் பொடி வைத்து ஊதுவது என்கிறார். பேச்சில் பொடி வைக்கிறோமே, அது எங்கிருந்து வந்தது என்று அந்த வாங்கில் இருந்தபோதுதான் உறைத்தது. வெங்காரத்தைக் கல்லில் உரசிப் பால்போல் எடுத்துப் பூசுவார். கறுத்துப்போன வெள்ளியைப் புளிக்கரைசலில் போட்டுக் கொதிக்கவைப்பார். எங்கள் ஆய்வுகூடத்தில் அதற்கு அமிலமும் கையுறையும்.

காய்ந்த ஓட்டில் ஊற்றியது அப்படியே வந்தது. வடிவத்தை விட அதன் மேல் படிந்திருந்த வரிகள்தான் என்னைப் பிடித்தன. கணவாய் ஓடு ஏடு ஏடாக வளர்வது. அந்த ஏடுகளின் ஓரம் எல்லாம் உலோகத்தில் அலையலையாக விழுந்திருந்தது, கடல் வற்றும்போது மணலில் நிற்குமே, அதே மாதிரி. நான் வரையவில்லை, குடையவில்லை. ஓடு தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. எனக்கு அப்போதுதான் ஒன்று பிடிபட்டது. நான் அதுவரை பொருளில் கதை தேடிக்கொண்டு திரிந்தேன், முகாம் சட்டி, ரவைக்கோது என்று. கதை எனக்குத் தேவையில்லை, எங்கள் ஊரில் அது நிறையக் கிடக்கிறது, அதை விற்கவும் எனக்கு விருப்பமில்லை. இந்த ஓடு தன் குணத்தால் ஒரு வேலை செய்கிறது. அப்படி வேறு எதெல்லாம் செய்யும்?

கரும்மணல் செய்யவில்லை. கொக்கிளாய் பக்கமிருந்து புல்மோட்டை வரைக்கும் கரையில் கறுப்பாகப் படிந்து கிடக்கிறதே, இல்மனைற், அதில்தான் ரைற்றேனியம் இருக்கிறது. ரைற்றேனியம் நகைக்காரருக்குக் கனவு உலோகம், சாயமே இல்லாமல் மின்சாரத்தால் மேற்பரப்பில் ஒட்சைட் படலத்தைத் தடிப்பாக்கிக்கொண்டு போனால் நீலம், ஊதா, பொன் என்று நிறம் மாறும். மணல் எங்கள் பக்கத்திலிருந்து கப்பலில் போகிறது. அதன் தகடு உள்ளங்கை அளவு வாங்க நான் மாதக் கணக்கில் சேர்க்கவேண்டும். அந்தக் கோபத்தில் ஒரு யோகட் கோப்பை அளவு மணலைக் கொண்டுபோய் ரெசினில் போட்டு உறையவைத்தேன். தார் ரோட்டில் உடைத்தெடுத்த துண்டு மாதிரி இருந்தது. பிறகு வற்றாப்பளை கண்ணகை அம்மன் நினைவுக்கு வந்தது. வைகாசிப் பொங்கலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறேன், கடல்நீரில் விளக்கெரிவதைப் பார்க்க அம்மம்மாவின் தோளில் ஏறியிருக்கிறேன், ஆனால் அந்தக் கதையின் நடுவில் இருப்பது ஒரு நகை வடிவமைப்புப் பிரச்சினை என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று, உள்ளே ஒன்றில் முத்து, மற்றதில் மாணிக்கம், உடைத்தால்தான் தெரியும். பத்தர் ஐயாவிடம் சொன்னேன். "எங்கட ஆள் ஒருத்தனாலதானே பிள்ளை மதுரையே எரிஞ்சது" என்று சிரித்தார். செம்புக் குழாயை வளைத்து உள்ளே கரும்மணலை நிரப்பிக் கால்வளையம் ஒன்று செய்தோம். சாதாரண மணலை விடக் கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் மடங்கு பாரம் அது. பரல்போல் கலகலக்கவில்லை. கால் எடுத்து வைக்கும்போது 'சர்ர்' என்று ஓடி மற்றப் பக்கம் சேர்ந்தது. எனக்குப் பிடித்தது. நாள் முழுக்கப் போட்டிருந்த தோழி கால் உளைகிறது என்று கழற்றி எறிந்தாள்.

ஓலைக்கு வந்து சேர இவ்வளவு சுற்று. அம்மாவின் காதிலேயே இருந்ததை விட்டுவிட்டுக் கடற்கரை எல்லாம் திரிந்திருக்கிறேன். அன்று பின்னேரம் அம்மா திண்ணையில் இருந்து பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். ஈர்க்கை வார்ந்து போட்டுவிட்டு, ஓலையைப் பெருவிரல் நகத்தால் ஒரே அகலத்தில் கிழித்துக்கொண்டு போவார், அளவுகோல் இல்லாமல். கிழித்த பட்டியில் ஒன்றை எடுத்துச் சும்மா விரலில் சுருட்டிக்கொண்டிருந்தேன். விட்டால் விரிந்தது. திரும்பச் சுருட்டினேன், விட்டேன், விரிந்தது.

தோடு என்றால் என்ன என்று அகராதியைப் பாருங்கள். ஓலை என்று இருக்கும், பூவிதழ் என்றும் இருக்கும். குழை என்றால் தளிர், காதணியும் குழைதான். காதோலை என்று நகைக்கே பெயர். சம்பந்தர் தமது முதல் பதிகத்தைத் தொடங்கியதே தோடு என்ற சொல்லில்தான். அதாவது முதலில் காதில் இருந்தது ஓலைச் சுருள், பொன் பிறகு வந்து அதன் பெயரையும் வட்டத்தையும் வாங்கிக்கொண்டது. தாலிகூடத் தாலம் என்ற பனையிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள், அதில் அறிஞர்கள் சண்டைபிடிக்கட்டும். காது வளர்த்த காலத்துக் கிழவிகள் ஓலையைச் சுருட்டி ஓட்டையில் செருகியதற்குக் காரணம் வறுமை மட்டுமில்லை. சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும், விரியும் வேகத்தில் காதை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டு போகும். வேறு எந்தப் பொருளும் அவ்வளவு பதமாக அந்த வேலையைச் செய்யாது. ஓலையின் குணம் அது.

அந்தக் குணத்தை வைத்து நான் செய்தது இவ்வளவுதான்: வெள்ளியில் பதினான்கு மில்லிமீற்றர் வளையம், உட்பக்கம் மெல்லிய வாய்க்கால், பின்னால் ஒரு தண்டும் சுரையும். குருத்தோலையை மஞ்சள் போட்டு அவித்து, நிழலில் உலர்த்தி, ஆறு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு சாண் நீளம் வார்ந்து, இறுக்கிச் சுருட்டி வளையத்துக்குள் வைத்து விடவேண்டும். விட்டதும் அது விரிந்துபோய் வாய்க்காலில் இறுகிக்கொள்கிறது. பசையில்லை, ஆணியில்லை, கல் பதிப்பதுபோல் பல்லும் இல்லை. முன்னாலிருந்து பார்த்தால் சுருளின் விளிம்புகள் வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் ஒரு சின்ன இருட்டு. அந்த நடுவில் குண்டுமணி ஒன்றை வைக்கலாம் என்று நினைத்தேன், பத்தரின் தராசில் ஒருகாலத்தில் அதுதானே நிறுவைக்கல். ஆனால் அதை ஓட்டை போட்டால் உள்ளே இருப்பது நஞ்சு, தூள் மூக்கில் போனாலே ஆபத்து. விட்டுவிட்டேன். இருட்டே வடிவாக இருந்தது.

பத்தர் ஐயா வளையத்தைச் சாமணத்தால் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொடி ஓடிய இடத்தை நகத்தால் தடவினார். ஓலைச் சுருளை விரலால் தள்ளி வெளியே எடுத்து, தானே திரும்பச் சுருட்டி வைத்தார். இரண்டாம் தரமும் அப்படியே செய்தார். "உது கல்லு மாதிரி இல்லை. கல்லை நாங்கள் பிடிச்சு வைக்கவேணும். இது தன்ர பாட்டில பிடிச்சுக்கொண்டு நிக்குது." அவரிடமிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது.

கொழும்பில் தவணைக் கடைசிக் கண்காட்சியில் ஆறு சோடி வைத்தேன். ஏசி மண்டபம். மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் நான்கு சுருள் தளர்ந்திருந்தது, இரண்டு கழன்று கறுப்புத் துணியில் விழுந்து கிடந்தது. அந்தக் காற்றில் ஓலை காய்ந்து ஒடுங்கிவிட்டது, விரியும் வேகம் போய்விட்டது. மதிப்பெண் போட வந்தவர் அந்த இரண்டையும்தான் முதலில் பார்த்தார். இதன் ஆயுள் எவ்வளவு என்று கேட்டார். அடுத்த ஓலை வெட்டும் வரைக்கும், என்றேன். எழுதிக்கொண்டார். மார்க்ஸ் பரவாயில்லை, நீடிப்பு என்ற இடத்தில் மட்டும் அடித்துவிட்டார்கள். அது நியாயம்தான்.

தவணை முடிந்து ஊருக்கு வந்தபோது ஒரு சோடியை அம்மாவிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்தார், பவுணுக்குப் பழகிய கை அல்லவா.

"எத்தினை பவுண்?"

"பவுண் இல்லையம்மா. வெள்ளி நாலு கிராம். மற்றது ஓலை."

"அப்ப அடைவு வைக்கேலாது."

"ஏலாது."

ஈர்க்கை உருவிப் போட்டுவிட்டு ஒன்றை மாட்டினார். சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார். மற்றதை மாட்டுவார் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, அதற்குள் சுருளைத் தள்ளி வெளியே எடுத்துவிட்டார். விரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஆர் வார்ந்தது இது?"

"நான்தான்."

"கத்தியாலயோ?"

"ஓம்."

"அதுதான். நரம்பை வெட்டிப்போட்டாய். நகத்தால கிழிச்சால் அது தன்ர வழியில போகும்." கடகத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஓலையில் ஒன்றை எடுத்து, நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஒரே இழுவையில் கிழித்தார். "நனைச்சுப் போட்டுச் சுருட்டு. ஒரு இரா கட்டி வை. காஞ்சாப் பிறகு அவிட்டு உள்ளுக்கு விடு, பிறகு பார் விழுதோவெண்டு." பட்டியை என் கையில் தந்துவிட்டு வளையத்தைத் தூக்கிப் பார்த்தார். "இந்த வாய்க்கால் காணாது. உன்ர பத்தரிட்டச் சொல்லி இன்னும் கொஞ்சம் ஆழமாக்கு."

அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் புதுக்குடியிருப்புக்குப் போனேன்.